கூடம் கோணலா, கால் தடுமாறுகிறதா: புதிய எடிட்டருக்கு மாறியபின் வரும் சிக்கல்கள், அறிகுறி வாரியாக

அப்டேட் முடிந்து, நிரல் எழுதும் எடிட்டர் மறுபடி திறக்கிறது. நேற்றுவரை இடப்பக்கம் இருந்தது வலப்பக்கம் போயிருக்கிறது. மெனுவைக் காணவில்லை. ஐகான்கள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை போல நிற்கின்றன. யாரிடமாவது முறையிட்டால், ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று சிரிப்பார்கள். பாதி நேரம் அவர்கள் சொல்வது சரிதான். மீதிப் பாதியில் கூடம் நிஜமாகவே கோணலாகக் கட்டப்பட்டிருக்கிறது.

எரிச்சல் ஒன்றுபோல இருந்தாலும் அதன் வேர் மூன்று வகைப்படும். ஒன்று கைப்பழக்கம்: வசதி அங்கேயே இருக்கிறது, விரல் பழைய இடத்தைத் தேடுகிறது. இரண்டு பழைய மிச்சம்: முந்தைய பதிப்பிலிருந்து ஒட்டிக்கொண்டு வந்த செட்டிங்ஸ், ப்ளக்இன் என்ற கூடுதல் நீட்சிகள், வேகத்துக்காகச் சேமித்து வைத்த தற்காலிகத் தரவான கேஷ் ஆகியவை புதிய பதிப்போடு மல்லுக்கட்டுகின்றன. மூன்று, உண்மையான கோணல்: வசதியை எடுத்துவிட்டார்கள் அல்லது கெடுத்துவிட்டார்கள். கைப்பழக்கத்துக்கு மருந்தாக கேஷை அழிப்பவர்களையும், உண்மையான கோணலைப் பழகிக்கொள்ள வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பவர்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். ஆகவே கீழே வரும் ஒவ்வொரு அறிகுறியிலும் முதல் வேலை, அது எந்த வகை என்று கண்டுபிடிப்பதுதான்.

எதையும் தொடுவதற்கு முன்

செட்டிங்ஸை நகலெடுத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்டின் வி.எஸ். கோடில் பயனர் ஃபோல்டருக்குள் செட்டிங்ஸ், கீபைண்டிங்ஸ் என்று இரண்டு ஜேசான் கோப்புகளும் ஸ்னிப்பெட்ஸ் என்ற ஃபோல்டரும் இருக்கும். மூன்றையும் வேறிடத்தில் வையுங்கள். அதே நிறுவனத்தின் இன்னொரு எடிட்டரான விஷுவல் ஸ்டூடியோவில் டூல்ஸ் மெனுவில் உள்ள இம்போர்ட் அண்ட் எக்ஸ்போர்ட் செட்டிங்ஸ் எல்லாவற்றையும் ஒரே கோப்பாகக் கட்டித் தரும். ஜெட்பிரெயின்ஸ் எடிட்டர்கள் பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் தனி ஃபோல்டர் வைத்துக்கொள்கின்றன. பழையதை இப்போதே எடுத்து வைப்பது நல்லது.

அடுத்தது, வெறும் எடிட்டரில் ஒரு சோதனை. வி.எஸ். கோடில் தற்காலிக ப்ரொஃபைல் ஒன்றை உருவாக்கலாம். விஷுவல் ஸ்டூடியோவை டெவென்வ் கட்டளையோடு சேஃப்மோட் சேர்த்துத் திறந்தால், வெளியார் நீட்சிகள் இல்லாமல் வரும். எக்லிப்ஸில் காலியான புதிய வொர்க்ஸ்பேஸ் ஒன்று போதும். அதே ப்ராஜெக்டை அங்கே திறந்து பாருங்கள். சிக்கல் மறைந்துவிட்டால் அது பழைய மிச்சம். மறையவில்லை என்றால் கைப்பழக்கம் அல்லது உண்மையான கோணல்.

ஐந்து நிமிடச் சோதனைதான். இதைச் செய்யாமல் ஒரு முழுப் பிற்பகலைத் தொலைத்த அனுபவம் எனக்கு உண்டு. டெர்மினலில் எழுத்துகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றன. புதிய வடிவமைப்பைத் திட்டிக்கொண்டே ஃபான்ட், தீம், கிராஃபிக்ஸ் டிரைவர் என்று ஒவ்வொன்றாக மாற்றினேன். கடைசியில் அகப்பட்ட குற்றவாளி, மூன்று வருடங்களுக்கு முன் வேறொரு திரைக்காக நானே எழுதி மறந்துபோன எழுத்து இடைவெளி வரி. அதற்குள் இருபது செட்டிங்ஸை மாற்றியிருந்ததால் எதைத் திருப்பி வைப்பது என்றும் தெரியவில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் என்ற ஒழுங்கு அன்று வந்ததுதான்.

“இங்கே இருந்த பட்டன் எங்கே போயிற்று?”

பெரும்பாலும் கைப்பழக்கம். வசதியை நீக்குவதை விட ஒளித்து வைப்பதே புதிய வடிவமைப்புகளின் வழக்கம். ஜெட்பிரெயின்ஸின் புதிய தோற்றத்தில், விண்டோஸிலும் லினக்ஸிலும் மொத்த மெனுவும் மூன்று கோடுகள் கொண்ட ஒரு பட்டனுக்குள் மடிந்துவிட்டது. அதைத் தனி வரிசையாக விரித்து வைக்கும் தேர்வு, தோற்றத்துக்கான செட்டிங்ஸ் பக்கத்தில் இருக்கிறது. வி.எஸ். கோடில் மெனு மறைந்திருந்தால் ஆல்ட் விசையை அழுத்திப் பாருங்கள். பக்கப் பட்டையில் ஐகான் காணாமல் போயிருந்தால், பட்டையின் மீது வலது சொடுக்கு போடுங்கள்; எவையெல்லாம் காட்டப்படுகின்றன என்ற பட்டியல் வரும். விஷுவல் ஸ்டூடியோவில் ஜன்னல்களே சிதறிப் போயிருந்தால் விண்டோ மெனுவில் ரீசெட் விண்டோ லேஅவுட் இருக்கிறது.

இவை அத்தனையையும் விடப் பயனுள்ள ஒரே பழக்கம், கட்டளையைப் பெயரால் தேடுவது. வி.எஸ். கோடில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-பி, ஜெட்பிரெயின்ஸில் கண்ட்ரோல்-ஷிஃப்ட்-ஏ, விஷுவல் ஸ்டூடியோவில் கண்ட்ரோல்-கியூ, எக்லிப்ஸில் கண்ட்ரோல்-3. பட்டனை எங்கே கொண்டுபோய் வைத்தாலும் பெயர் அவ்வளவு எளிதில் மாறாது. தேடல் பட்டியலில் கட்டளைக்குப் பக்கத்திலேயே அதன் ஷார்ட்கட்டும் தெரியும். நான்கு முறை தேடினால் ஐந்தாவது முறை விரல் தானாக அந்த ஷார்ட்கட்டுக்குப் போய்விடும்; பட்டன் எங்கே இருந்தால் என்ன என்றாகிவிடும்.

பெயரால் தேடியும் வரவில்லையா? அப்போதுதான் வசதி நிஜமாகவே நீக்கப்பட்டதா என்று அந்தப் பதிப்பின் வெளியீட்டுக் குறிப்பைப் பார்க்க வேண்டும்.

“ஷார்ட்கட் அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை, அல்லது வேறெதுவோ நடக்கிறது”

எல்லாவற்றிலும் எரிச்சலூட்டுவது இதுதான். பட்டன் இடம் மாறினால் கண் தேடிக் கண்டுபிடித்துவிடும். விரல் தேடாது, அழுத்திவிடும். அழுத்தியபின் என்ன நடந்தது என்றே புரியாது.

முதலில், விசை எடிட்டரை வந்தடைகிறதா என்று பாருங்கள். இதற்கு வி.எஸ். கோடில் டாகிள் கீபோர்ட் ஷார்ட்கட்ஸ் ட்ரபிள்ஷூட்டிங் என்ற அருமையான கட்டளை உண்டு. அதை இயக்கினால் கீழே அவுட்புட் பகுதி திறக்கும். பிறகு நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் அதில் வரி வரியாகப் பதிவாகும்: எந்த விசை வந்தது, அது எந்தக் கட்டளையோடு பொருந்தியது, அந்தப் பொருத்தம் எடிட்டரில் உள்ளமைந்ததா, நீங்கள் எழுதியதா, ஒரு நீட்சி கொண்டுவந்ததா என்பது வரை. மூன்றாவதாக இருந்தால் திருடன் கையும் களவுமாகப் பிடிபட்டான்.

எந்த வரியும் வரவில்லை என்றால், விசை எடிட்டருக்கு வரும் வழியிலேயே பறிபோகிறது. இதில் பழம்பெரும் உதாரணம் கண்ட்ரோல்-ஆல்ட்-எல். ஜெட்பிரெயின்ஸின் எடிட்டர்களில் ஒன்றான இன்டெல்லிஜேயில் நிரலை ஒழுங்குபடுத்தும் ஷார்ட்கட் அது. சில லினக்ஸ் டெஸ்க்டாப்களில் அதுவே திரையைப் பூட்டும் ஷார்ட்கட். நிரலைச் சீராக்கச் சொன்னால் கடவுச்சொல் கேட்டு நிற்கும். இதற்கு எடிட்டரைத் திட்டிப் பயனில்லை. டெஸ்க்டாப்பின் விசை செட்டிங்ஸில் போய் விடுவிக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் மென்பொருள், கிளிப்போர்டைச் சேமிக்கும் மென்பொருள், கிராஃபிக்ஸ் கார்டோடு வரும் சிறு மென்பொருள் ஆகியவையும் இப்படி விசைகளைக் கவர்ந்துகொள்பவைதான்.

தமிழில் எழுதிவிட்டு விசைப்பலகையை ஆங்கிலத்துக்கு மாற்ற மறந்துபோவதும் உண்டு. ஷார்ட்கட் பாதி வேலை செய்யும், பாதி செய்யாது. சிரிக்க வேண்டாம், எல்லோருக்கும் நடப்பதுதான். லினக்ஸில் வி.எஸ். கோட் விசைகளைத் தவறாகப் புரிந்துகொண்டால், கீபோர்ட் டிஸ்பாட்ச் என்ற செட்டிங்ஸை கீகோட் என்று மாற்றிவிட்டு எடிட்டரை மறுபடி திறந்து பாருங்கள்.

விஷுவல் ஸ்டூடியோவில் ஆப்ஷன்ஸுக்குள் கீபோர்ட் பக்கத்தைத் திறந்து, சந்தேகப்படும் விசைகளை அங்குள்ள பெட்டியில் அழுத்தினால், இப்போது அவை எந்தக் கட்டளைக்குச் சொந்தம் என்று காட்டும். அங்கேயே பிடுங்கி உரியவருக்குக் கொடுத்துவிடலாம்.

வேறு எடிட்டரிலிருந்து வருபவர்களுக்கு ஆயத்த விசைத் தொகுப்புகள் இருக்கின்றன. இன்டெல்லிஜேக்குள் எக்லிப்ஸ் விசைகள், விஷுவல் ஸ்டூடியோ விசைகள் என்று மாற்றிக்கொள்ளலாம். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பழைய வீட்டின் சாவிக்கொத்தைப் புதிய வீட்டில் மாட்டிய கதைதான்; பாதிப் பூட்டுக்குப் பொருந்தாது, உதவிப் பக்கங்களில் எழுதியிருப்பது எதுவும் உங்கள் விசைகளோடு ஒத்துவராது. நாளுக்கு நூறு முறை அழுத்தும் ஐந்தாறு ஷார்ட்கட்களை மட்டும் பழையபடி மாற்றிவிட்டு, மற்றவற்றைப் புதிதாகக் கற்றுக்கொள்வதே என் வழி.

“ஐகான்கள் ஒன்றுபோலவே இருக்கின்றன, கோட் குறைவாகத் தெரிகிறது”

இதில் உண்மையான கோணலுக்கு வரலாற்றுச் சான்றே உண்டு. விஷுவல் ஸ்டூடியோ 2012 வண்ணங்களை உருவிவிட்டுச் சாம்பல் நிற ஐகான்களோடும், முழுக்க ஆங்கில கேப்பிடல் எழுத்துகளில் கத்தும் மெனுவோடும் வந்தது. சோதனைப் பதிப்பிலேயே நிரலாளர்கள் கொதித்தார்கள். வெளியீட்டுக்கு முன் வண்ணம் கொஞ்சம் திரும்பி வந்தது. கேப்பிடல் எழுத்து மெனு மட்டும் தங்கிவிட்டது. அதை அடக்க விண்டோஸ் ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. ஐகானை நிறத்தால் அடையாளம் காணும் கண்ணிடமிருந்து நிறத்தைப் பறித்தால் அது தடுமாறத்தான் செய்யும்.

கோட் எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அளந்து பாருங்கள். ஒரே கோப்பை, ஒரே எழுத்தளவில், பழையதிலும் புதியதிலும் திறந்து, திரையில் எத்தனை வரிகள் தெரிகின்றன என்று எண்ணுங்கள். வித்தியாசம் இரண்டு மூன்று வரிகள்தான் என்றால் பழகிவிடும். ஏழெட்டு வரிகள் போயிருந்தால், எங்கே போயின என்று பாருங்கள். டேப் வரிசையின் உயரம், அதற்குக் கீழே கோப்பின் பாதையைக் காட்டும் பட்டை, மேலே ஒட்டிக்கொண்டு நிற்கும் ஃபங்ஷன் தலைப்புகள், வரி உயரம் ஆகியவைதான் வழக்கமான இடங்கள். ஜெட்பிரெயின்ஸில் காம்பாக்ட் மோட் இடைவெளிகளைச் சுருக்கும். வி.எஸ். கோடில் மினிமேப், பிரெட்கிரம்ஸ், ஸ்டிக்கி ஸ்க்ரோல் மூன்றையும் தனித்தனியே அணைக்கலாம்.

“ஊர்ந்து போகிறது, கணினியின் விசிறி அலறுகிறது”

முதல் நாள் என்றால் விட்டுவிடுங்கள். புதிய பதிப்பு முழு ப்ராஜெக்டையும் முதலிலிருந்து படித்து, தேடலுக்கான பட்டியல் போட்டுக்கொண்டிருக்கும்; இதைத்தான் இண்டெக்ஸ் செய்வது என்பார்கள். நடுவில் எரிச்சல்பட்டு மூடினால் வேலைதான் நீளும்.

இண்டெக்ஸ் முடிந்த பிறகும் அப்படியே என்றால், தேவையில்லாததை எல்லாம் படிக்கிறதா என்று பாருங்கள். வெளி நூலகங்கள் குவியும் நோட்-மாட்யூல்ஸ், பில்ட் ஃபோல்டர்கள் ஆகியவற்றை ஜெட்பிரெயின்ஸில் எக்ஸ்க்ளூடட் என்று குறிக்கலாம்; வி.எஸ். கோடில் தேடலிலிருந்தும் கண்காணிப்பிலிருந்தும் விலக்கலாம். விண்டோஸில் ஆன்டிவைரஸ் ஒவ்வொரு இண்டெக்ஸ் கோப்பையும் சோதித்துக்கொண்டிருப்பதும் உண்டு. அலுவலகக் கணினி என்றால், விலக்கு அளிப்பதற்கு முன் நிர்வாகியிடம் கேட்டுவிடுங்கள்.

அடுத்த சந்தேகம் நீட்சிகள். நாற்பது நீட்சிகள் இருந்தால் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்க்க வேண்டியதில்லை. வி.எஸ். கோடின் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் பாதியை அணைத்துவிட்டுக் கேட்கும்: சிக்கல் இருக்கிறதா, இல்லையா? உங்கள் பதிலுக்கேற்ப மிச்சப் பாதியை மறுபடி பாதியாக்கும். நாற்பது என்றால் அதிகம் போனால் ஆறேழு கேள்விகளில் ஆள் அகப்பட்டுவிடுவார்.

எடிட்டருக்குள்ளேயே வந்துவிட்ட வசதிக்காகப் பழைய நீட்சியையும் வைத்துக்கொண்டிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். அடைப்புக்குறிகளுக்கு வண்ணம் தீட்டும் வசதி 2021இல், 1.60 பதிப்பில் வி.எஸ். கோடுக்குள்ளேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பழைய நீட்சியைச் சுமப்பது வெட்டி வேலை.

சோதனைகள் எல்லாம் கைவிரித்தால், கோணல் நிஜம் என்று ஒப்புக்கொள்ளலாம். 2012இல் எக்லிப்ஸ் 4.2 ஜூனோ வந்தபோது மந்தமாக இருக்கிறது என்று பரவலாகப் புகார் எழுந்தது. வேகத்துக்கான திருத்தங்கள் பின்னால்தான் வந்தன. அப்படிப்பட்ட நேரத்தில் காத்திருப்பவர் புத்திசாலி.

“டெர்மினலில் பில்ட் ஆகிறது, எடிட்டரில் எல்லாம் சிவப்புக் கோடு”

ஏறக்குறைய எப்போதுமே பழைய மிச்சம். எடிட்டரும் டெர்மினலும் வெவ்வேறு கருவிகளைப் பயன்படுத்துகின்றன, அவ்வளவுதான். பைத்தானில் இன்டர்ப்ரெட்டர் எது, ஜாவாவில் எஸ்.டி.கே. எது, டைப்ஸ்கிரிப்டில் எடிட்டரோடு வந்த பதிப்பா ப்ராஜெக்டுக்குள் உள்ள பதிப்பா என்று முதலில் பாருங்கள். அப்டேட்டின்போது இந்தத் தேர்வுகள் நழுவிவிடும்.

மேக்கில் இன்னொரு சங்கதி. ஐகானைச் சொடுக்கித் திறந்த செயலிக்கு உங்கள் ஷெல்லில், அதாவது டெர்மினலில் கட்டளைகளை இயக்கும் நிரலில், எழுதி வைத்த பாத் (கருவிகளை எங்கே தேடுவது என்ற பட்டியல்) அப்படியே கிடைப்பதில்லை. வி.எஸ். கோட் பின்னணியில் ஒரு ஷெல்லைத் திறந்து அதைக் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. ஷெல் தொடங்குவதற்கே அதிக நேரம் எடுத்தால், சூழலை அறிய முடியவில்லை என்று எச்சரிக்கை வரும். அதன்பின் நோட் இல்லை, பைத்தான் இல்லை என்று ஒவ்வொன்றாகப் புலம்பும். டெர்மினலிலிருந்தே எடிட்டரைத் திறந்து பாருங்கள். சிவப்பு மறைந்தால் ஷெல்லின் தொடக்கக் கோப்பைத்தான் இளைக்க வைக்க வேண்டும்.

கேஷை அழிப்பது கடைசிக் கட்டம். ஜெட்பிரெயின்ஸில் இன்வேலிடேட் கேஷஸ். விஷுவல் ஸ்டூடியோவில், எடிட்டரை மூடிவிட்டு, புள்ளியில் தொடங்கும் வி.எஸ். என்ற மறைவு ஃபோல்டரை அழிக்கலாம். கவனம்: பிழை தேடும்போது நிரலை நிறுத்த நீங்கள் வைத்த ப்ரேக்பாயின்ட்களும் அதற்குள்தான் இருக்கின்றன. ப்ரேக்பாயின்ட் ஜன்னலிலிருந்து முதலில் ஏற்றுமதி செய்துவிட்டு அழியுங்கள்.

“ஒரு வரி திருத்தினேன், கோப்பு முழுவதும் மாறிவிட்டது”

ஒருமுறை ஒரே ஒரு எழுத்துப் பிழையைத் திருத்திச் சேமித்து, மறுஆய்வுக்கு அனுப்பினேன். சிறிது நேரத்தில் சக நிரலாளரிடமிருந்து ஒரு வரி வந்தது: “அண்ணா, இதில் எந்த வரியை நான் பார்க்க வேண்டும்?” திறந்து பார்த்தால் கோப்பு மொத்தமும் சிவப்பும் பச்சையுமாக நிற்கிறது. புதிய பதிப்பு, சேமிக்கும்போது, நிரலின் அமைப்பைச் சீராக்கும் வேறொரு ஃபார்மேட்டரைக் கூப்பிட்டிருக்கிறது.

மாற்றங்களைப் பதிவுசெய்து வைக்கும் கருவியான கிட்டில், வெற்றிடங்களைப் பொருட்படுத்தாமல் மாற்றத்தைக் காட்டச் சொல்லுங்கள். ஒரே வரியாகச் சுருங்கினால் காரணம் உள்தள்ளல் அல்லது வரிமுடிவு. விண்டோஸ் முறையும் யூனிக்ஸ் முறையும் மாறிக்கொண்டதா என்பதை வி.எஸ். கோடின் கீழ்ப் பட்டையில் வலப்பக்கம் பார்க்கலாம். சுருங்கவில்லை என்றால் ஃபார்மேட்டரே மாறியிருக்கிறது.

இதன் மறுபக்கமும் உண்டு: சேமித்தால் ஃபார்மேட் ஆவதே நின்றுபோவது. வி.எஸ். கோடின் பைத்தான் நீட்சியிலிருந்து லின்ட்டிங்கும் (நிரலில் பிழை சுட்டுவது) ஃபார்மேட்டிங்கும் விலக்கப்பட்டுத் தனி நீட்சிகளாயின. பழைய வரிகள் செட்டிங்ஸ் கோப்பில் மங்கலாகக் கிடக்கும், எதையும் செய்யாது. உரிய நீட்சியை நிறுவி, அந்த மொழிக்கு அதையே இயல்பு ஃபார்மேட்டர் என்று குறித்தால் தீர்ந்தது.

நிலையான தீர்வு, விதிகளை எடிட்டரிடமிருந்து பிடுங்கி ப்ராஜெக்டிடம் ஒப்படைப்பது. எடிட்டர்கான்ஃபிக் கோப்பு ஒன்றில் உள்தள்ளல், வரிமுடிவு, கடைசி வெற்று வரி ஆகியவற்றை எழுதிவிடுங்கள். விஷுவல் ஸ்டூடியோவும் ஜெட்பிரெயின்ஸும் அதைத் தாமாகவே படிக்கும், வி.எஸ். கோடுக்கு ஒரு நீட்சி வேண்டும். பழைய ப்ராஜெக்டில் முழுக் கோப்பையும் மாற்ற விருப்பமில்லை என்றால், திருத்திய வரிகளை மட்டும் ஃபார்மேட் செய்யும் தேர்வும் வி.எஸ். கோடில் இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே கமிட்டில், அதாவது கிட்டின் ஒரே பதிவில், ஃபார்மேட் செய்துவிட முடிவெடுத்தால், எந்த வரியை யார் கடைசியாக மாற்றினார் என்று காட்டும் பிளேம் கட்டளை அந்த கமிட்டைப் புறக்கணிக்கும்படி ஒரு பட்டியல் கோப்பில் எழுதி வைக்கலாம். கிட் 2.23 முதல் இந்த வசதி உண்டு.

“எனக்குப் பழையதே வேண்டும்”

தவறில்லை. எவ்வளவு காலத்துக்கு என்பதை மட்டும் தெரிந்துகொண்டு திரும்புங்கள். ஜெட்பிரெயின்ஸ் தன் புதிய தோற்றத்தை 2022இல் முன்னோட்டமாகக் காட்டியது. 2024.2 பதிப்பில் அது எல்லோருக்கும் இயல்பாகிவிட்டது, பழைய தோற்றம் தனி ப்ளக்இன்னாக ஒதுங்கியது. நிறுவினால் பழைய முகம் வரும். ஆனால் புதிய வசதிகள் புதிய முகத்தை மனத்தில் வைத்துத்தான் கட்டப்படும். ஆப்பிளின் எடிட்டரான எக்ஸ்கோடில் அந்த அளவு இடம்கூட இல்லை. 2011இல் எக்ஸ்கோட் 4, திரைகளை வடிவமைக்கும் தனிச் செயலியாக இருந்த இன்டர்ஃபேஸ் பில்டரையும் விழுங்கி எல்லாவற்றையும் ஒரே ஜன்னலில் அடைத்தது. பழையதைப் பிடித்துக்கொண்டு காலம் தள்ளவும் முடியாது, ஏனென்றால் ஆப் ஸ்டோருக்கு அனுப்பக் குறைந்தபட்சப் பதிப்பு இன்னது என்று ஆப்பிள் அவ்வப்போது உயர்த்திக்கொண்டே போகும்.

ப்ளக்இன் காரணமாகத் தங்குபவர்களின் நிலை வேறு. 2021 நவம்பரில் வந்த விஷுவல் ஸ்டூடியோ 2022, 64 பிட்டுக்கு மாறியது. 32 பிட் காலத்து நீட்சிகளை அவற்றை எழுதியவர்கள் திருத்தி வெளியிட்டால்தான் உண்டு. உங்கள் பிழைப்பு அப்படி ஒரு நீட்சியை நம்பி இருந்தால், பழையதையும் புதியதையும் ஒரே கணினியில் அருகருகே வைத்துக்கொள்ளுங்கள். விஷுவல் ஸ்டூடியோ அதை அனுமதிக்கிறது.

எக்லிப்ஸ்காரர்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை. ஒரே வொர்க்ஸ்பேஸைப் புதியதிலும் பழையதிலும் மாற்றி மாற்றித் திறக்காதீர்கள். புதிய பதிப்பு அதன் உள்விவரங்களை மேம்படுத்திவிடும். பழையதற்கு அது புரியாமல் போகலாம். வொர்க்ஸ்பேஸை நகலெடுத்து, நகலைப் புதியதற்குக் கொடுங்கள்.

வெறும் எடிட்டரில் சோதித்து, உண்மையான கோணல் என்று உறுதியானதை மட்டும் தயாரிப்பாளருக்கு எழுதுங்கள். பதிப்பு எண், காலி ப்ரொஃபைலில் சிக்கலை மீண்டும் நடக்க வைக்கும் படிகள், எடிட்டர் தன் செயல்களைப் பதிவுசெய்யும் லாக் கோப்பு ஆகிய மூன்றையும் சேர்த்து அனுப்புங்கள். ஜெட்பிரெயின்ஸில் ஹெல்ப் மெனுவிலேயே லாக்குகளைத் திரட்டித் தரும் கட்டளை இருக்கிறது. வி.எஸ். கோடின் ரிப்போர்ட் இஷ்யூ படிவம் பதிப்பு விவரங்களைத் தானே நிரப்பிக்கொள்ளும். அனுப்புவதற்கு முன் லாக்கை ஒருமுறை புரட்டுங்கள். ஃபோல்டர் பெயர்களும் ப்ராஜெக்ட் பெயர்களும் அதில் அப்படியே இருக்கும்.